லஹம் என்றுதான் எழுதியிருந்தாய்

மண்ணுக்குள்ளேயும் எனக்கு இளையவளாகவே இருக்கிற என் தங்கச்சி றஹீமாவுக்கு,

“ராத்தா, நீ எப்பவாச்சும் அவணுக்க கைய வெச்சிப் பார்த்திரிக்கியா கா?”

குவைத்திலிருந்து வந்த மூன்றாம் நாள் நீ என்னிடம் இப்படிக் கேட்டாய். சாய்ந்தமருதில் உன் வீட்டுக் குசினியில், பிரித்த அட்டைப்பெட்டி காலில் இடற, நீ கொண்டுவந்த அந்த வெள்ளைக் கரண்ட் அடுப்பு, அவண், மேசைமேல் உட்கார்ந்திருந்தது. நான் அதற்கு முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் வெறுமையாகச் சூடாக்க வேண்டும். நடுத் தட்டில் வைக்க வேண்டும். இடையில் கதவைத் திறக்கக் கூடாது. எல்லாம் சரியான விஷயங்கள். பதினாறு வருடமாக மனையியல் வகுப்பில் நான் படிப்பித்தவை. கரும்பலகையில் பெட்டி வரைந்து, கதவு வரைந்து, கைபிடி வரைந்து, தட்டுகளுக்கு இலக்கம் போட்டு, எத்தனை பிள்ளைகளைப் பரீட்சையில் பாஸ் பண்ண வைத்திருப்பேன்!

நீ கேலியாகக் கேட்கவில்லை. உனக்குக் கேலி வராது. சூடு போதுமா என்று கையை உள்ளே காட்டிப் பார்க்கிற பழக்கத்தை எனக்குச் சொல்லித்தரத்தான் கேட்டாய். ஆனால் கரும்பலகையில் வரைந்த அவணுக்குள் யார் கை வைப்பது? விடைத்தாள் திருத்தக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு என் கையில் அகப்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி குறைவாகத்தான் விழுந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தால், எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நாலு பேர் வாசிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். வாசிக்கிறவர்கள் உன்னை அறியாதவர்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

நான் உன்னில் பொறாமைப்பட்டேன் றஹீமா. பொறாமை என்று எழுதிவிட்டுப் போனால் வகுப்பில் பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். சொல்கிறேன்.

உனக்குப் படிப்பு ஏறவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாய். நான் பயிற்சிக் கல்லூரி வரை போனேன். ஊரில் என்னை டீச்சர் என்றார்கள், உன்னை டீச்சரின் தங்கச்சி என்றார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. உன் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து தோணி ஏற முடியாமற்போன பிறகு, மகளுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாய். உன் பர்ஹானாவை மூன்றரை வருடம் நான் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். பின்னேரங்களில் அவளுக்குத் தலை பின்னி, சடை நுனியில் றிபன் கட்டும்போது, இவள் என்னுடையவள் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ வந்து இறங்கிய அன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விட்டாள். “வாறன் பெரியம்மா” என்று ஒரு சொல். அந்தத் தலையணை உறைக்குப் பூத்தையல் போட்டவள் நான்.

இந்தக் குணம் இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை. நீ மவுத்தானது வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஜும்ஆ முடிந்து ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளி நிறைந்து வீதி வரை சனம் நின்றதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். வீட்டுக்குள் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் இருந்தவள், “வெள்ளிக்கிழமை மவுத்து, குடுத்துவெச்ச மனிசி” என்று பெருமூச்சு விட்டாள். அழுதுகொண்டிருந்த எனக்கு, இதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்று பட்டது. அழுகையும் உண்மை, அந்த நினைப்பும் உண்மை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று கேட்காதே. எனக்கும் விளங்கவில்லை.

இனி உன் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

லேசான சாப்பாடுதான். உருளைக்கிழங்கை முக்கால் பதத்தில் அவித்து, தோல் உரித்து, வட்டம் வட்டமாக வெட்டித் தட்டத்தில் பரப்புவாய். மிளகும் உப்பும் போட்டு அவித்த மாட்டிறைச்சியை நார்நாராகப் பிய்த்து அதன்மேல் தூவுவாய். பிறகு வதக்கிய வெங்காயம். மாஜரினில் கோதுமை மாவைப் பிரட்டி, பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை மேலால் ஊற்றுவாய். திரும்பவும் கிழங்கு, திரும்பவும் இறைச்சி, திரும்பவும் குழம்பு. எல்லாவற்றுக்கும் மேலே துருவிய டின் சீஸும் பேக்கரிப் பாண் தூளும். அவணில் வைத்தால் மேற்பக்கம் பொன்னிறமாகி, ஓரங்களில் குமிழி விட்டுக் கொதிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு தட்டம் போதும்.

இதில் என்ன வித்தை இருக்கிறது? ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். என் வீட்டுக்காரர், சோறும் கறியும் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்கிற மனிதர், ஒருநாள் உன் வீட்டில் இதைத் தின்றுவிட்டு வந்து, “உன்ட தங்கச்சிட கையில பரக்கத்து இரிக்கி புள்ள” என்றார். இருபத்திரண்டு வருடம் அவருக்குச் சமைத்தவள் நான். என் கையில் என்ன இருக்கிறதென்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்தச் சாப்பாட்டை முதல்தரம் உன் தட்டத்தில் கண்டபோதே எனக்கு அடையாளம் தெரிந்தது. பயிற்சிக் கல்லூரியில் என்னிடம் இருந்த இங்கிலீசுச் சமையல் புத்தகத்தில் இதன் படம் இருந்தது. அதே கிழங்கு, அதே குழம்பு, அதே பொன்னிறம். ஆனால் அதில் இறைச்சி இருந்த இடத்தில் ஹாம். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் படித்த முஸ்லிம் பிள்ளைகள் யாரோ, அந்தப் பக்கத்தைச் சோற்றுப் பசையால் அடுத்த பக்கத்தோடு ஒட்டிவைத்திருந்தார்கள். நான் கொதிக்கிற கேத்தல் ஆவியில் காட்டிப் பிரித்து வாசித்தேன். தின்னத்தானே கூடாது, வாசித்தால் என்ன என்று நினைத்தேன். எதையும் வாசிக்காமல் விடுகிறவள் இல்லை நான். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

பர்ஹானாவுக்கு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வயற்காரக் குடும்பம், நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் உம்மா தன் இரண்டு மகள்மாரோடு பெண்ணைப் பார்க்க இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். உனக்கு அன்றிலிருந்து நெஞ்சிடி. வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவளின் மகள் என்று சொல்லி அதற்கு முன் ஓர் இடம் பின்வாங்கியிருந்தது. இதுவும் போனால் பிள்ளையை எல்லாரும் தட்டிக் கழிப்பார்கள் என்று நீ பயந்தாய்.

அன்று காலையில் நான் உதவிக்கு வந்தேன். நீ கீழே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். உன் சமையல் கொப்பி சுளகின்மேல் திறந்தபடி கிடந்தது. குவைத்தில் இருந்தபோது எழுதிய கொப்பி. அறபுத்தமிழில் எழுதியிருந்தாய். வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தமிழ்ச் சொற்களை, குர்ஆன் ஓதப் படிக்கிற அந்த அறபு எழுத்தில் எழுதுவதுதான் அறபுத்தமிழ். பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துப் பிடிபடாத உனக்கு, ஓதப்போன இடத்தில் படித்த எழுத்து கைவந்திருந்தது.

நான் குனிந்து வாசித்தேன். உருளைக்கிழங்கு. மாஜரின். பால். அதற்குக் கீழே லாமு, ஹே, மீமு. லஹம். அறபியில் இறைச்சி. என் கண் தானாகவே எழுத்துக் கூட்டியது. ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. றஹீமா, இந்த நாலு வசனத்தை எழுதத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

பொழுது பட்டு மஃரிபுத் தொழுகை முடிந்த பிறகு அவர்கள் வந்தார்கள். அன்று கரண்ட் மங்கலாக இருந்ததால் உன் தட்டம் வெந்து வரப் பிந்தியது. பெண்கள் நாங்கள் உள்ளறையில் பாய் விரித்து, கூடித் தின்கிற பெரிய சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். சோறும் கறிகளும் ஒரு பக்கம் இருக்க, எல்லார் கையும் உன் கிழங்குப் பக்கமே போனது.

“என்ன புள்ள இது, வாயில வெச்சாக் காணாமப் போகுது!” என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

“கிழங்கும் இறைச்சியும்தான் மச்சி. இன்னும் கொஞ்சம் வெய்யிங்க.”

“பல்லுப் போன எனக்கெண்டே செஞ்சிரிக்கீங்க போல.”

“இனி நாளைக்கி ஊட்ட வந்து எங்கட கறியக் கொற சொல்லுவா பாருங்க,” என்றாள் மூத்த மகள்.

“உங்கட கறியக் கொற சொல்ல எனக்கு இத வேற தின்னணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். “ராத்தா டீச்சர்தானே. நீங்கதான் படிப்பிச்சிரிப்பீங்க, என்ன?”

நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “ராத்தா புத்தகத்தால படிச்சவ மச்சி. இது நான் கையால படிச்ச.”

திரும்பவும் சிரிப்பு. கதவுக்குப் பின்னால் நின்ற பர்ஹானாவின் சிரிப்பும் எனக்குக் கேட்டது. நான் மூன்றரை வருடம் தலை பின்னிவிட்ட பிள்ளையின் சிரிப்பு.

“இதுக்குப் பேரென்ன புள்ள?”

“அங்க பட்டாட்டா லஹம் எண்டு சொல்லுற மச்சி.”

“லஹமில்ல கா,” என்றேன் நான். வகுப்பில் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துகிற அதே குரல். “ஹாம். அது இங்கிலீசுச் சொல். உனக்கு மாறிக் கேட்டிரிக்கி. என்ட புத்தகத்துல படத்தோட இரிக்கி.”

“ஹாமெண்டா என்ன டீச்சர்?”

“வெள்ளைக்காரர் பண்டியில செய்யிறது.”

மாப்பிள்ளையின் உம்மாவின் கை சஹனுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. இளைய மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அள்ளாவே! இது மாட்டிறைச்சி மச்சி,” என்றாய் நீ. “பர்ஹானாட வாப்பா காலையில கல்முனைச் சந்தைக்கிப் போய் வாங்கிக் கொண்டந்த.”

“நீங்க போட்டது மாடுதான் புள்ள. நான் இல்லெங்கல்ல.” அவர் மெதுவாகத்தான் சொன்னார். கையில் இருந்ததை சஹனின் ஓரத்தில் வைத்தார். “ஆனா அங்க அந்த ஊட்டுல என்ன போட்டாங்களோ? இந்தத் தட்டமும் அங்க இருந்து வந்ததுதானே?”

நீ என்னைப் பார்த்தாய். “அப்பிடியா ராத்தா? ஹாமா அது?”

அந்தப் பார்வையைத்தான் றஹீமா நான் இன்னும் சுமக்கிறேன். நாள்தோறும் உன் கையால் செய்த சாப்பாடு. நீயே எழுதிய சொல். நான் ஒரு தரம் திருத்தியவுடன் நீயே உன்னைச் சந்தேகப்பட்டாய். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், அதில் ஏதோ ஒட்டியிருக்கிறதுபோல.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். இல்லை, லஹம்தான், காலையில் உன் கொப்பியில் வாசித்தேன் என்று. ஒரு வசனம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “புத்தகத்துல அப்பிடித்தான் இரிக்கி.” அதுவும் பொய் இல்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் எப்படிப் பொய் சொல்வதென்று படித்தவளுக்குத் தெரியும்.

பர்ஹானாவின் கலியாணத்தைக் குலைக்க நான் நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். உன் தட்டத்தை மட்டுந்தான் குலைக்க நினைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் படம் அழகாக இருக்கிறதே என்று மைக்கூட்டைத் தட்டிவிடும். படத்தைத்தான் கெடுக்க நினைத்திருக்கும். பார்த்தால் மேசை, சட்டை, தரை எல்லாம் மை. அந்தப் பிள்ளைகளை எத்தனை தரம் வெளியில் நிற்க வைத்திருக்கிறேன். என்னை யார் நிற்க வைப்பது?

அவர்கள் மரியாதையாகவே போனார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். சம்மதமா இல்லையா என்று பிறகு ஆள் அனுப்பவும் இல்லை. ஒரு கிழமைக்குள் அக்கம்பக்கத்தில் கதை பரவிவிட்டது. உன் தட்டத்துக்கு “குவைத்துத் தட்டம்” என்று பேர் வைத்தார்கள். அந்தத் தட்டத்தை இரவல் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். பர்ஹானா கிணற்றடிக்குப் போவதை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய்.

“ராத்தா, என்னோட ஒருக்கா வரிப்பத்தான்சேனைக்கு வா கா. நீ சொன்னா நம்புவாங்க.”

“நான் போய் என்னத்தச் சொல்லுற?”

“குவைத்துல நான் நிண்ட வீட்டம்மா தொழுற மனிசி ராத்தா. அவட குசினிக்க அது வராது. நான் யோசிச்சி யோசிச்சிப் பார்த்திட்டன். லஹமெண்டுதான் அவ சொல்லுவா. கொப்பியிலயும் அப்பிடித்தான் எழுதி வெச்சிரிக்கன்.”

“கொப்பியில எழுதினது நீதானே?”

“ஓம். நான்தான்,” என்றாய்.

“எனக்கு விடைத்தாள் கிடக்கு றஹீமா.”

நீ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! கொப்பியை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போனாய். மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. அங்கே என்ன நடந்தது என்று நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கலியாண வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் உம்மாவே, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நிறைந்த சபையில் சொன்னார்.

“டீச்சர், இஞ்சால வாங்க. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவ. ஆனா அறபுத்தமிழ் வாசிப்பன். உங்கட தங்கச்சி கொப்பியக் கொண்டந்து தந்தா. லாமு, ஹே, மீமு எண்டு நானே கூட்டி வாசிச்சன். எங்கட பள்ளி லெப்பைக்கிட்டயும் காட்டின. இறைச்சிக்கித்தான் அறபியில அப்பிடிச் சொல்லுற எண்டிட்டார். அப்ப நான் கேட்டன், ‘உங்கட ராத்தா ஏன் புள்ள அப்பிடிச் சொன்னவ?’ எண்டு. அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா?”

வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு அவரே பதிலையும் சொன்னார்.

“‘எங்கட ராத்தாவுக்கு அறபுத்தமிழ் மறந்து பெய்த்து மச்சி. இங்கிலீசு கூடப் படிச்சதால அது உட்டுப் பெய்த்து. கொப்பியப் பார்த்திருந்தாலும் அவக்கு விளங்கியிரிக்காது. அவவோட கோவிக்கப்படா’ எண்டு சொன்னா. பாவம் டீச்சர்! என்னட்ட வாங்க, நான் படிச்சித்தாறன்!”

பெண்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? எனக்கு வாசிக்கத் தெரியும் என்று சொன்னால், அப்படியானால் வாசித்துவிட்டா அப்படிச் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். நீ எனக்குக் கட்டித்தந்த மதிலுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொண்டும் எனக்குப் பொறுக்கவில்லை. படித்தவள் என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது? என்னை எழுத்துத் தெரியாதவள் என்று சொல்லி அதிலும் ஒரு மூலையை நீ அழித்துவிட்டாயே என்று, என்னைக் காப்பாற்றியவளிலேயே எனக்குக் கோபம் வந்தது.

அன்றிலிருந்து நம் குடும்பத்தில் அது ஒரு பகிடி. குர்ஆன் ஓதுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். அறபுத்தமிழ் மட்டும் பெரியம்மாவுக்கு வராது. பழைய கடிதம் ஏதும் பெட்டியிலிருந்து எடுத்தால், “பெரியம்மாட்டக் குடுக்காதீங்க” என்பார்கள். நீ பக்கத்தில் இருந்தால் குனிந்து வெற்றிலை மடிப்பாய்.

ஒன்று கேட்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே லெப்பை வீட்டில்தானே ஓதினோம்? உம்மாவுக்கு அறபுத்தமிழில் வந்த கடிதங்களை உரத்து வாசித்தவள் யார்? நான்தானே? நீ என் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாயே. எனக்கு மறந்துபோனது என்று நீ உண்மையிலேயே நம்பினாயா? இல்லை, அன்று காலை நான் குனிந்து வாசித்ததை வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துவிட்டாயா? பார்த்தபிறகும் வரிப்பத்தான்சேனையில் போய் எனக்காக அப்படிச் சொன்னாயா?

எத்தனையோ வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். இதை நான் கேட்டிருக்கலாம். நீ உயிரோடு இருக்கும்வரை கேட்காமல், பதில் வராத நேரத்தில் கேட்கிறேன் பார்.

இங்கத்தைய புதினங்களைச் சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்தவையும் சேர்ந்து வரும். பர்ஹானாவுக்கு இப்போது இரண்டு பெண்பிள்ளைகள். இளையவளுக்கு உன் மூக்கு, உன் பிடிவாதம். பர்ஹானாவின் வாப்பா வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கிறார், நீ எங்கே என்று கேட்பதில்லை. நான் போன வருடம் ஓய்வுபெற்றேன். மாலை போட்டு வழியனுப்பினார்கள். நான் போன அடுத்த தவணையே மனையியல் அறைக்கு ஓர் அவண் வந்திருக்கிறது! புதிதாக வந்த டீச்சர் இளம்பிள்ளை. பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்க என் வீட்டுக்கே வந்தாள். சொல்லிக்கொடுத்தேன். அவளிலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் சூடு போதுமா என்று கையைக் காட்டிப் பார்க்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். நீ கேட்ட பிறகு நான் கற்றுக்கொண்டது அது.

நேற்று பர்ஹானா உன் கொப்பியைக் கொண்டுவந்தாள். உனக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கிற நாற்பதாம் நாள் கத்தம் நாளை மறுநாள். சோறு கறியோடு உம்மாவின் கிழங்குத் தட்டமும் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய மாமி, அதுதான் அன்றைக்குக் கையை நிறுத்திய அதே மனிசி, வரிப்பத்தான்சேனையிலிருந்து காலையிலேயே வருகிறாராம்.

“மாமி கொப்பியப் பார்த்து வாசிப்பா பெரியம்மா. நீங்க குழம்பக் கிளறுங்க,” என்றாள் பர்ஹானா. “உங்களுக்குத்தான் அறபுத்தமிழ் வராதே.” பகிடியாகத்தான் சொன்னாள். நீ சொல்லிக்கொடுத்த பகிடி. உன் மவுத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்ததை நேற்றுத்தான் கண்டேன். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று பகல் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், உன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தனியாகச் செய்து பார்த்தேன். கிழங்கை முக்கால் பதம் என்று எழுதியிருக்கிறாய். பாலை ஒரேயடியாக ஊற்றினால் மா கட்டிவிடும், பொறுமையாக ஊற்று என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தின் அடியில், தமிழ் எழுத்தில், கோணல்மாணலாக ஒரு வரி. பிறகு நீ எழுதிச் சேர்த்தது என்று மையைப் பார்த்தால் தெரிகிறது. “ராத்தாவுக்கெண்டா உப்பு கொறச்சி போடணும்.” பர்ஹானாவின் கலியாணம் முடிந்து, எனக்கு இரத்தப் பிரஷர் என்று வைத்தியர் சொன்னதற்குப் பிறகு எழுதியிருக்கிறாய். தமிழ் எழுத்தில் ஏன் எழுதினாய்? நான் வாசிக்க வேண்டும் என்றா? இல்லை, எனக்கு வாசிக்கத் தெரியாது என்ற உன் பொய்யை, உன் கொப்பிக்குள்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்றா?

சாப்பாடு நன்றாகத்தான் வந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் குமிழி, எல்லாம் உண்டு. தின்று பார்த்தேன். உன்னுடையதைப்போல் இல்லை. அதே கிழங்கு, அதே இறைச்சி, உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் செய்தேன், ஆனாலும் இல்லை. நீ மண்ணுக்குள் இருக்கிறாய், நான் குசினிக்குள் தட்டத்தை வைத்துக்கொண்டு உன்னில் பொறாமைப்படுகிறேன். பிறகு அந்தத் தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஜனாஸா அன்று அழுததைவிட இன்றுதான் சரியாக அழுதேன்.

கேள் றஹீமா. நாளை மறுநாள் பர்ஹானாவின் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கொப்பியைக் கையில் எடுப்பார். அப்போது நான் அதை அவரிடமிருந்து கேட்டு வாங்குவேன். உருளைக்கிழங்கிலிருந்து பாண் தூள் வரைக்கும் எல்லாருக்கும் கேட்க உரத்து வாசிப்பேன். லாமு, ஹே, மீமு வருகிற இடத்தில் நிறுத்தி, லஹம் என்று இரண்டு தரம் வாசிப்பேன். பர்ஹானா என்னைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவேன். அவள் என் வீட்டு வாசலுக்கு வராமல் விட்டாலும் சொல்லுவேன். இது என் வாக்கு.

இதை வாசிக்கிற நீங்கள் இந்தச் சாப்பாட்டை ஒருநாள் வீட்டில் செய்து பாருங்கள். பரிமாறும்போது, யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பேரை முதலில் சொல்லிவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

எழுத்துத் தெரிந்த,
உன் ராத்தா